படகுக்குத் தக்க மோட்டார்

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. அவ்வாக்கு வீட்டுச் செலவுக்கும் விவாகச் செலவுக்கும் மாத்திரம் உரியதன்று. நம் படகின் பின்புறத்தில் மாட்டும் மோட்டாருக்கும் உரியதே. சில காலமாக நம் சங்கத்துக் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்கள் ஓயாது கேட்கும் கேள்வி, "எத்தனை குதிரைச் சக்தியில் மோட்டார் வாங்கலாம்?" என்பதாம். கேட்பவர் உள்ளத்தில் விடையும் முன்னமே அமைந்திருக்கக் காண்கிறோம். பக்கத்து வீட்டுப் படகில் உள்ளதினும் பெரியது எதுவோ அதுவே அவ்விடை.

மோட்டார் விற்கும் கடைக்காரரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளத்தக்க அற்ப விஷயமாக இதனை நாம் எண்ணலாகாது. மரங்களைப் பிணைத்துக் கடலேறிய நம் முன்னோர் காலந்தொட்டு, செய்யும் தொழிலின் அளவறிந்து கலம் அமைப்பதே நம் குலத்தின் கல்வியாக இருந்து வந்தது. அவ்வளவறிவு எவ்வாறு அமைந்திருந்தது, மோட்டார் வந்தபின் எவ்வாறு தளர்ந்தது, அதனை மீட்டும் பெறுவது எவ்வாறு என்பவற்றைச் சரித்திர வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரமும் துடுப்பும் பாயும்

வடக்கே மண்டபத்தூர் முதல் தெற்கே வாஞ்சூர் வரையில் உள்ள நம் காரைக்கால் கரை, காவிரியின் கிளையாறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலால் ஆயது. இங்கே பாறையும் இல்லை. கலங்கள் ஒதுங்கி நிற்கத்தக்க குடாவும் இல்லை. அரசலாற்று முகம் போன்ற சில இடங்களே புகலிடம். அவையும் காலந்தோறும் மணல் தூர்ந்து வழி மாறுவன. 1739-ஆம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைக் கைக்கொண்ட பின்னரும், அவர்தம் பெருங்கப்பல்கள் கரையை அணுகமாட்டாது தூரத்தே நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே உடையும் அலைகளைக் கடந்து போக்குவரவு செய்யும் ஆற்றல் நம் கரையாரின் சிறு கலங்களுக்கே இருந்தது.

அவ்வலைக்கு ஏற்ற கலமாக நம்மவர் கண்டதே கட்டுமரம். அதில் நீர் புகுந்து நிரம்ப உள்ளிடம் இல்லை. அலை மேலே புரண்டு போய்விடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. கனமற்ற மரங்களைத் தேர்ந்து, செதுக்கி, கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்குவர். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மணலில் உலர்த்துவர். உலர்த்தாவிடில் மரம் நீரை உண்டு கனத்துவிடும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கலத்தின் கனமே தொழிலின் பாரம் என்ற உண்மை அவர்தம் அன்றாட வழக்கத்திலேயே அடங்கியிருந்தது.

கலத்தின் அளவும் தொழிலுக்குத் தக்கபடி வேறுபட்டது. கரையோரத்தில் ஓரிருவர் வலையிடுவதற்குச் சிறு மரம். கோடை மாதங்களில் ஆழ்கடலுக்குச் சென்று பறவைக்கோலா மீன் பிடிப்பதற்கோ, அதிக மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கோலா மரம். தழைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டால் கோலா மீன் முட்டையிடுவதற்காக அவற்றை நாடிக் கூட்டமாக வரும். அவ்வமயம் வலையால் அள்ளிக்கொள்வர். சென்னை மாகாண மீன்துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்றும் அறிஞரால் போற்றப்படுகிறது. அவர் போன்றோர் ஏட்டில் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு மரம், எவ்வளவு பாய் என்பதை நம் பாட்டனார்கள் கைகளால் எழுதி வைத்திருந்தனர்.

இங்கே ஒரு கணக்கைக் குறித்தல் தகும். ஒரு மனிதன் மணிக்கணக்காகத் தளராமல் துடுப்பு வலிக்கும்போது அவனுடலிலிருந்து வெளிப்படும் ஆற்றல், ஒரு குதிரைச் சக்தியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கேயாம். நால்வர் ஏறிய மரத்தை நெடுநேரம் செலுத்தியது அரைக் குதிரைச் சக்திக்கும் குறைவே. எஞ்சியதைக் காற்று கொடுத்தது. காற்று இலவசம்; ஆனால் அதன் தயவை எதிர்பார்த்துக் கிடக்கவேண்டும். வாடைக்காற்று எதிர்த்த நாட்களில் கரை காணாமல் தத்தளித்தவர்களையும், காற்று அடங்கிய நாட்களில் மீன் அழுகிப்போகக் கைவலிக்கத் துடுப்பிட்டவர்களையும் நாம் மறக்கவில்லை. ஆதலின் மோட்டார் வந்தது நமக்கு நன்மையே. அதனைப் பழிப்பது நம் கருத்தன்று.

மோட்டார் பிறந்த வரலாறு

படகின் பின்புறத்தில் வெளியே மாட்டி, வேண்டாதபோது கழற்றி எடுக்கத்தக்க மோட்டாரை முதன்முதல் நீரில் ஓட்டிக் காட்டியவர், நம்மை அந்நாளில் ஆண்டுவந்த பிரான்ஸ் தேசத்தவரே. குஸ்தாவ் துரூவே என்னும் பாரிஸ் நகரத்து யந்திர நிபுணர், 1881-ஆம் வருஷத்தில் சேன் ஆற்றில், மின்சாரத்தால் இயங்கும் மோட்டாரைச் சுக்கானோடு சேர்த்து ஒரு சிறு படகில் அமைத்து ஓட்டினார். மின்கலங்களின் பாரமும் விலையும் மிகுந்திருந்த அக்காலத்தில் அது செம்படவரின் கைக்கு எட்டும் பொருளாகவில்லை.

பின்னர் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் பெட்ரோலால் இயங்கும் மோட்டாரை 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் நோர்வே நாட்டில் 1877-இல் பிறந்து, சிறு பிராயத்திலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். கோடை வெயிலில் ஏரியொன்றில் நெடுந்தூரம் துடுப்பு வலித்து அலுத்தபோது அவருக்கு இவ்வெண்ணம் உதித்ததாகக் கூறுவர். அவர் விற்ற அந்த மோட்டாரின் சக்தி ஒன்றரைக் குதிரைச் சக்தியே; எடையோ 62 ராத்தல், அதாவது 28 கிலோ. ஒன்றரை என்பது அற்பமெனத் தோன்றலாம். ஆயினும் மேற்கண்ட கணக்கின்படி அது பதினைந்து ஆள் துடுப்பு வலிப்பதற்குச் சமமாம். துடுப்புப் படகுக்கு அதுவே போதுமென்று அவர் கண்டார். மோட்டாரின் சரித்திரம் சிறுமையில் தொடங்கியது என்பதை நம் இளைஞர்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும். ஜப்பானில் யமஹா கம்பெனியார் 1960-இலும், சுசுகி கம்பெனியார் 1965-இலும் தத்தம் முதல் படகு மோட்டாரை வெளியிட்டனர். நம் நாட்டுக் கரைகளில் மிகுதியும் பரவியவை இவ்விரண்டே. எவின்ரூட் மோட்டாரின் உற்பத்தியோ 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

நம் கடலுக்கு வந்த வரலாறு

இனி நம் நாட்டின் செய்திக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் மீன்தொழிலை ஆராயும் பொருட்டு 1905-இல் நியமிக்கப்பெற்றவர் சர் பிரெடெரிக் நிக்கல்சன். 1907-இல் மீன்துறை தனித் துறையாக அமைந்தது. இவரே முன்னர் 1895-இலும் 1897-இலும் விவசாயிகளின் கடன் தொல்லையையும், அதனைத் தீர்க்க நாணயச் சங்கங்கள் அமைக்கும் வகையையும் பற்றி இரு பெரும் பகுதிகளாக அறிக்கை எழுதியவர். கடனையும் மீனையும் ஆராய்ந்தவர் ஒருவரே என்பது கருதத்தக்கது. ஏனெனில் இவ்விரண்டும் நம் வாழ்வில் பிரியாதவை. அத்துறையினர் 1927-28-இல் 'லேடி கோஷென்' என்னும் கப்பலைக் கொண்டு இழுவலையிட்டு ஆழ்கடலைச் சோதித்தனர். அக்காலத்தில் நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எனினும் கடலுக்கு எல்லைக்கல் இல்லாமையால், அக்கரையில் நடந்தது இக்கரைக்கும் செய்தியே.

சுதந்திரத்துக்குப் பின் 1952-இல் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் கூடி உடன்படிக்கை செய்து, கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் மீன்தொழில் அபிவிருத்தித் திட்டமொன்றைத் தொடங்கின. முதலில் அவ்வூர் வள்ளங்களிலேயே யந்திரத்தைப் பொருத்திப் பார்த்தனர். கலம் ஒன்றுக்கும் விசை மற்றொன்றுக்கும் உரியதாயின், இரண்டும் பயன்படா என்பதை அச்சோதனை காட்டிற்று. அதன்பின் யந்திரத்துக்கென்றே புதுப் படகுகளைக் கட்டலாயினர். நம் காரைக்கால் 1954 நவம்பர் முதல் தேதியில் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்து, 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி இணைந்தது. யந்திரப் படகு யுகத்துள் நாம் நுழைந்ததும் ஏறக்குறைய அக்காலமே.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் நம் தமிழ்ச் சகோதரர் பின்தங்கவில்லை. குருநகரைச் சேர்ந்த அந்தோணி இராஜேந்திரம் என்பார் 1956-இல் நோர்வே சென்று அந்நாட்டாரின் நட்பைப் பெற்றார். அதன் பயனாக 1967-இல் 'சீநோர்' என்னும் ஸ்தாபனம் எழுந்து, காரைநகரில் படகு கட்டும் சாலையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அமைந்தன. குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் பியேர் ஜிலே என்பவர், ஒட்டுப்பலகையால் சிறு படகுகள் கட்டும் முறையைக் கடற்கரையாருடன் கூடியிருந்து வளர்த்தார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் உணவு விவசாய ஸ்தாபனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கிற்று. அதில் பணிபுரிந்த குல்பிரான்சன் என்னும் நோர்வே படகு நிபுணர், சிறு மீன்பிடி படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் வழிகளை விளக்கி 1986-இல் ஒரு சிறு நூல் எழுதினார். மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தவரும் நோர்வேயில் பிறந்தவர். அதனை அளவோடு பயன்படுத்தச் சொன்னவரும் நோர்வே நாட்டார் என்பது சுவையான பொருத்தமாம்.

அவ்வறிவுரைக்கு மாறாக நடந்தது கேரளக் கரையின் கதை. ஆங்கே 1980-களில் ஏழு, எட்டுக் குதிரைச் சக்தி மோட்டார்களே பரவின. அளவாக வாங்கிய அவற்றால் பாய்மரத்தின் அலுப்பு நீங்கிற்று. பின்னர் ஒருவரையொருவர் முந்தும் ஆசையால் 15, 25, 40 என ஏறிற்று. சுருக்குமடி வகையைச் சேர்ந்த பெருவலை வந்தபின், ஒரே படகில் 40 குதிரைச் சக்தி மோட்டார்கள் இரண்டு மூன்று மாட்டும் நிலையும் வந்தது. எல்லாரும் பெரிது வாங்கிய பின் முந்துவோர் எவரும் இல்லை. எண்ணெய்ச் செலவு மாத்திரம் எல்லார்க்கும் பெருகிற்று. கடலில் மீன் அதற்காகப் பெருகவில்லை.

நம் கரையில் பெருமாறுதல் நேர்ந்தது 2004 டிசம்பர் 26-ஆம் தேதிக்குப் பின்னரே. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, அக்கம்பேட்டை, மண்டபத்தூர் என நம் ஊர்கள் யாவும் அன்று கண்ட துயரை மீண்டும் எழுதக் கை எழவில்லை. கட்டுமரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. நிவாரணமாகப் பைபர் படகுகள் வந்தன. கட்டுமரம் கட்டும் கைகளுக்கு வேலை குன்றிற்று. மரத்தை அளந்து கட்டியவன் கலத்தின் இயல்பை அறிவான். அச்சில் வார்த்து வந்த படகைப் பெற்றவனுக்கோ அதன் எடைகூடத் தெரியாது. அளவறிவு தளர்ந்தது இவ்விடத்திலேயாம். நல்வினைப் பயனாக அப்படகுகள் பலவற்றில் பத்துக் குதிரைச் சக்திக்கு உட்பட்ட டீசல் யந்திரமே பொருத்தப்பட்டது. நீண்ட இரும்புத் தண்டின் நுனியில் விசிறி அமைந்த அவ்வகை யந்திரம் தாய்லாந்து முதலிய தேசங்களில் வெகுவாக வழங்குவது. அலை உடையும் இடத்திலும் மணல் திட்டிலும் வலையின் மேலும் தண்டைத் தூக்கிவிடலாம் என்பதே அதன் சிறப்பு.

எம் குடும்பத்துப் படகும் அவ்வாறே ஓடிக்கொண்டிருந்தது. சில வருஷம் கழித்து, எம் தமையனார் மகன் ஒரு வியாபாரியின் பேச்சை நம்பி அதைக் கழற்றிவிட்டு, 40 குதிரைச் சக்தி மோட்டாரைக் கடன்பட்டு வாங்கி மாட்டினான். முதல் வாரம் ஊரே வியந்தது. இரண்டாம் மாதத்தில் மோட்டார் மாட்டிய பின்பலகை விண்டது. பின்புறம் தாழ்ந்து நின்றமையால் அலை பின்னிருந்து ஏறலாயிற்று. ஆறாம் மாதத்தில், கடன் கொடுத்த ஏலக்காரர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்க நேர்ந்தது. முடிவில் மோட்டாரை விற்றும் கடன் தீரவில்லை. "பாட்டன் மரத்துக்குப் பாய் அளந்தான், நான் படகுக்கு மோட்டார் அளக்கவில்லை, சித்தப்பா" என்று அவன் சொன்ன சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

அளவு காணும் முறை

இனி, அளப்பது எவ்வாறு என்பதைக் கூறுவோம். இங்கிலாந்து தேசத்து வில்லியம் புரூட் என்னும் பொறியியல் அறிஞர் 1870-களில் நீர்த்தொட்டியில் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதித்து ஓர் உண்மையை நிலைநாட்டினார். ஓடும் படகு தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அவ்வலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகின் அணியம் ஒரு முகட்டிலும் பின்புறம் அடுத்த முகட்டிலுமாக நின்று, தான் எழுப்பிய மேட்டைத் தானே ஏறவேண்டியதாகிறது. அதற்கு மேல் எவ்வளவு எண்ணெயைக் கொட்டினும் கனத்த படகு சிறிதளவே வேகம் கூடும்.

அவ்வெல்லையைக் காண்பது எளிது. படகு நீரில் தோயும் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது கிடைக்கும். தோயும் நீளம் 25 அடியாயின், வர்க்கமூலம் 5, எல்லை 6.7 கடல் மைல். 16 அடியாயின், வர்க்கமூலம் 4. எல்லை ஏறக்குறைய 5.4. இவ்வெல்லைக்குச் சற்றுக் கீழே ஓட்டுவதே சிக்கனம். எல்லைக்குள்ளேயும், வேகத்தை இருமடங்காக்க ஏறக்குறைய எண்மடங்கு சக்தி வேண்டும். மாறாக, வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால், மணிக்கு ஆகும் எண்ணெய் பாதியளவாகக் குறையும். போகும் நேரம் சற்றுக் கூடுவதைக் கழித்த பின்னும், அதே தூரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் மிச்சமாம்.

அடுத்தது எடை. படகு, ஆட்கள், வலை, கயிறு, பனிக்கட்டி, குடிநீர், எண்ணெய், மோட்டார், திரும்பும்போது ஏற்றிவரும் மீன் ஆகிய யாவும் சேர்ந்த எடையைக் கணக்கிடவேண்டும். இத்தகைய படகுக்கு ஒரு டன்னுக்கு 3 முதல் 5 குதிரைச் சக்தி போதும் என்பது படகு கட்டுவோரின் பொது வழக்கு. உதாரணமாக, படகு 1000 கிலோ, ஐவர் 325, வலையும் கயிறும் 300, பனிக்கட்டி முதலியன 150, யந்திரம் 100, மீன் 300 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 2175 கிலோ. அதாவது இரண்டேகால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு ஏழு முதல் பதினொன்று குதிரைச் சக்தி வரையில் போதுமென்று ஏற்படுகிறது. இருவர் ஏறி ஆற்றுமுகத்திலும் கரையோரத்திலும் தொழில் செய்யும் சிறு படகு மொத்தம் 600 கிலோ என்றால், இரண்டு மூன்று குதிரைச் சக்தியே கணக்கு.

ஆயினும் கணக்கின் கீழ் எல்லையைப் பிடித்துக்கொண்டு மிகச் சிறிதாக வாங்குவதும் தவறே. அரசலாற்று முகத்தில் நீர் வெளியே இழுக்கும்போதும், வாடை எதிர்க்கும்போதும், இரண்டு அலைகளுக்கு இடையே விரைந்து கடக்கவேண்டிய அக்கணத்திலும் கையிருப்புச் சக்தி வேண்டும். அவ்விடத்தில் வலியற்ற மோட்டார் உயிருக்கே உலை வைக்கும். ஆதலின், மேற்சொன்ன சிறு படகுக்கு நான்கு அல்லது ஐந்து என்றும், பெரிய படகுக்குப் பத்து என்றும் கொள்ளுதல் தகும். கையிருப்பு என்பது ஆபத்துக்கு உதவும் காசு போன்றது; நாள்தோறும் செலவிடுவதற்கன்று.

கனமற்ற படகு பெரிய மோட்டாரால் நீரின்மேல் எழும்பி வழுக்கி ஓடக்கூடும். அப்போது முற்கூறிய எல்லை அதற்கு இல்லை என்பர். உண்மையே. அது பாரமற்ற உல்லாசப் படகுக்கும், காவற்படகுக்கும் பொருந்தும். வலையும் ஐஸும் ஐந்து ஆளும் ஏற்றிய நம் படகு அங்ஙனம் எழும்புவது அரிது. எழும்பினும் எண்ணெயை அள்ளி விழுங்கும். அமெரிக்காவில் 1971-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, இருபது அடிக்கு உட்பட்ட மோட்டார்ப் படகுகளில், அதிகபட்சம் எத்தனை குதிரைச் சக்தி மாட்டலாம் என்று தகடு பொறித்து வைக்கின்றனர். அத்தகட்டின் எண், தாண்டலாகாத வரம்பேயன்றி, வாங்கவேண்டிய அளவு அன்று.

மோட்டாரின் எடையும் நோக்கத்தக்கது. இருவீச்சு மோட்டாரில் எட்டுக் குதிரைச் சக்தியுடையது 30 கிலோவுக்கு உட்பட்டது. 40 உடையதோ 70 கிலோவுக்கு மேல். அவ்வளவும் படகின் கடைசிப் பலகையில் தொங்கும். தண்டின் நீளம் 15 அங்குலம், 20 அங்குலம் எனப் பலவாம். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு ஒத்தோ, ஓரங்குலம் தாழ்ந்தோ இருத்தல் வேண்டும். உயர்ந்தால் விசிறி காற்றைக் கடைந்து வீணே சுழலும். மிகத் தாழ்ந்தால் நீர் அதனைத் தடுக்கும். பாரப்படகுக்கு அகன்று மெல்லச் சுழலும் விசிறியே நன்று. முழு விசையில் ஓட்டும்போது மோட்டார் அதற்கென விதித்த சுற்றுகளை எட்டாவிடில், விசிறியின் புரி மிகுதி என்றும், அதைத் தாண்டிச் சுற்றினால் புரி குறைவு என்றும் அறியலாம். மோட்டார் சிறிது என்று பலர் குறைகூறுவது, உண்மையில் விசிறி பொருந்தாக் குறையேயாம்.

கடனும் பங்கும்

இவ்வளவும் கூறியது எண்ணெய்க் கணக்குக்காக மாத்திரமன்று. டீசல் யந்திரம் ஒரு குதிரைச் சக்திக்கு மணிக்குக் கால் லிட்டர் அளவில் எரிக்கும். பழைய இருவீச்சுப் பெட்ரோல், மண்ணெண்ணெய் மோட்டார்கள் அதில் ஏறக்குறைய இருமடங்கு எரிக்கும்; ஒரு பகுதி எரியாமலே புகையோடு கடலிற் போகும். போகவர 20 கடல் மைல் தூரமுள்ள தொழிலை எடுத்துக்கொள்வோம். பத்துக் குதிரைச் சக்தி டீசலில் ஏழை மாத்திரம் செலவிட்டு ஆறரைக் கடல் மைல் வேகத்தில் சென்றால், மூன்று மணி நேரத்தில் ஐந்தரை லிட்டருக்குள் முடியும். நாற்பதில் இருபத்தைந்தைச் செலவிட்டுப் பத்துக் கடல் மைல் வேகத்தில் சென்றாலோ, இரண்டு மணி நேரத்தில் 25 லிட்டர் ஆகும். மிச்சமானது ஒரு மணி நேரம். செலவானது ஏறக்குறைய 20 லிட்டர். முதலில் கரைசேர்ந்தவன் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது மெய்யே. ஆனால் யாவரும் பெரிது வாங்கியபின் முதலில் வருவோன் யார்?

இச்செலவைச் சுமப்பவர் யார் என்பதை எண்ணுங்கள். நம் கரையின் வழக்கப்படி, மீன் விற்ற பணத்தில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு முதலில் கழிக்கப்படும். எஞ்சியதே படகுக்கும் ஆட்களுக்கும் பங்காகும். மோட்டாரைத் தெரிந்தெடுத்தவர் படகுக்காரர் ஒருவர். அதன் எண்ணெய்க்குத் தன் கூலியிலிருந்து கொடுப்பவரோ, தெரிந்தெடுப்பில் வாய் திறவாத கடலாட்கள் நால்வர். வீட்டில் அடுப்பு எரியக் காத்திருக்கும் பெண்மக்களும், தலைச்சுமையாய் மீன் கொண்டு செல்லும் தாய்மாரும் அச்செலவில் பங்குகொள்கின்றனர். ஆதலின் பெரிய மோட்டார் என்பது ஒருவருடைய பெருமையாகத் தோன்றினும், பலருடைய பட்டினியாக முடிதல் கூடும்.

நம் சங்கத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. ஊர்தோறும் நம் படகுகளின் தோயும் நீளம், எடை, மோட்டார், ஒவ்வொரு தொழிலுக்கும் ஆகும் எண்ணெய் ஆகியவற்றைக் குறிக்கும் ஏடு ஒன்றை வைக்கவேண்டும். ஒரு வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், எந்த அளவு நமக்கு ஏற்றது என்பதை எந்த வியாபாரியையும் கேட்காமல் நாமே அறியலாம். மோட்டார் வாங்கும்முன் படகுக்காரரும் கடலாட்களும் ஒன்றாயிருந்து கணக்கிடும் வழக்கத்தை ஊர்ப் பஞ்சாயத்தார் ஏற்படுத்தலாம். கடன் வேண்டுமாயின் ஏலக்காரரிடம் மீனை அடகு வைக்காமல் கூட்டுறவுச் சங்கத்தை நாடவேண்டும்; நிக்கல்சன் எழுதிய காலமுதல் சொல்லப்பட்டும் நாம் இன்னும் முழுதும் கைக்கொள்ளாத வழி அதுவே.

கடற்கரையில் புதுமோட்டார் ஒன்று வந்து இறங்கும்போது, "எத்தனை குதிரை?" என்று கேட்பது நம் பிள்ளைகளின் வழக்கமாயிருக்கிறது. அதனை விடுத்து, "உன் படகு எத்தனை அடி, எத்தனை பாரம்?" என்று முதலில் கேட்கும் வழக்கத்தை ஒவ்வொரு வீட்டுப் பெரியவரும் கற்பித்தல் வேண்டுமென்பதே நம் வேண்டுகோள்.